பழைய கேமராவும் 18-55 லென்ஸும் வைத்துக்கொண்டு வானத்தைப் படமெடுக்க முடியுமா?

2 ஜனவரி 2025 – கேள்வி

என்னிடம் எட்டு வருடப் பழைய டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. கூடவே வந்த 18-55 மி.மீ. லென்ஸ். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பன் கழித்துப்போட்ட ட்ரைபாட் ஒன்று, ஒரு கால் ஆடும். வேலூர் பக்கம் வீடு. மொட்டைமாடியிலிருந்து பால்வீதியை எடுக்க ஆசை. வீடியோக்களில் பார்த்தால் எல்லோரும் மூன்று லட்சம் நான்கு லட்சத்துக்குச் சாமான் அடுக்குகிறார்கள். காசு இல்லாதவன் நட்சத்திரத்தைப் படமெடுக்கக் கூடாதா?

3 ஜனவரி 2025, இரவு 9.40 – பதில்

எடுக்கலாம். ஆனால் மொட்டைமாடியிலிருந்து பால்வீதி வராது. அதன் பளிச்சென்ற நடுப்பகுதி இந்த மாதம் எங்கிருந்தும் வராது. மார்கழிக்கு தனுர் மாதம் என்று பெயர், ஏனென்றால் சூரியன் தனுசில் நிற்கிறது. பால்வீதியின் மையமும் அதே திசைதான். அதாவது நீங்கள் தேடுவது இப்போது பகல் வெளிச்சத்தில் சூரியனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மாசிவரை பொறுங்கள், விடிகாலையில் தென்கிழக்கில் எழும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்து பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம், அதற்கு வடக்கே சிவப்பாகத் திருவாதிரை. மேல்நாட்டார் ஓரியன் என்கிற வேட்டைக்காரன். மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே வாள்போல ஒரு சின்னக் கோடு தொங்கும். அதன் நடுவில் கண்ணுக்கே லேசாகப் புகைந்து தெரிவது ஓரியன் நெபுலா என்கிற வாயுமேகம், சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். ஊர் வெளிச்சத்திலும் மசியக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

கேமராவை மேனுவலில் போடுங்கள். ரா ஃபைல், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓ 1600. லென்ஸை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறங்கள். இரண்டு விநாடி டைமர், இல்லாவிட்டால் பட்டனைத் தொட்ட ஆட்டம் படத்தில் வரும். எக்ஸ்போஷருக்கு, அதாவது லென்ஸ் வழியாக வெளிச்சம் விழும் நேரத்துக்கு, 500 கணக்கு: 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்து, படம் பதியும் சென்சார் சின்னது என்றால் இன்னொரு ஒன்றரையாலும் வகுக்க வேண்டும். 18 மி.மீ.க்கு 18 விநாடி வரும், 55க்கு ஆறு. அதற்குமேல் போனால் பூமி சுற்றுவதால் நட்சத்திரம் கோடாக இழுபடும்.

இன்று சாயங்காலம் மேற்கில் பிறையும் வெள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, பார்த்தீர்களா? அதை போனிலேயே எடுத்திருக்கலாம்.

3 ஜனவரி 2025, இரவு 11.15

முக்கியமானதை விட்டுவிட்டேன். ஃபோகஸ்.

என் முதல் இரவில் 140 படம் எடுத்தேன். லென்ஸ் வளையத்தைக் கடைசிவரை திருகினால் அதுதான் முடிவிலி, அதாவது வெகுதூரத்துக்கான ஃபோகஸ் என்று நினைத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் ஜோராக இருந்தன. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஜவ்வரிசி வடகம். பெரும்பாலான லென்ஸ்களில் வளையம் முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். குறி போட்டிருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

இப்போது ரோகிணிக்குப் பக்கத்தில் வியாழன் பளிச்சென்று இருக்கிறது. லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியில், அதைப் பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி எங்கே மிகச் சின்னதாகிறதோ அங்கே நிறுத்துங்கள். அப்புறம் ஆட்டோஃபோகஸை அணைத்து, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். லென்ஸில் நடுக்கம் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் அதையும் அணையுங்கள். ட்ரைபாடில் நிற்கும்போது அதுவே சில சமயம் நடுக்கத்தை உண்டாக்கும்.

4 ஜனவரி 2025

போனில் முடியாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புதிய போன்களில் இரவு வானத்துக்கென்றே ஒரு முறை இருக்கிறது, பல படங்களை அதுவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாகக் கொடுக்கும். நன்றாகவே வருகிறது. என்ன நடந்தது என்று மட்டும் நமக்குத் தெரியாது. ஹோட்டல் சாப்பாடு மாதிரி.

14 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்து. பத்து நாளாக நிலா வளர்ந்துகொண்டே வந்து நேற்று பௌர்ணமி. நிலா இருக்கும் வாரத்தில் நெபுலா பக்கம் போவது வீண்வேலை. நிலாவையே எடுங்கள். அதற்கு நீண்ட எக்ஸ்போஷர் தேவையில்லை, வெயிலில் கிடக்கும் பாறைதான் அது. எஃப் 11 (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் வாய் சுருங்கும்) வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓ எவ்வளவோ அதில் ஒரு பங்கு விநாடி. ஐஎஸ்ஓ 100க்கு நூறில் ஒரு விநாடி. வெறும் வெள்ளைத் தட்டாக வருகிறது என்று புலம்புபவர்கள் எல்லோரும் ஆட்டோவில் எடுப்பவர்கள். இருட்டு வானத்தைப் பார்த்துக் கேமரா பயந்து வெளிச்சத்தை அள்ளிவிடுகிறது.

நேற்று நான் எடுத்தது கீழ்வானில் போகிப் புகை வழியாக. பழுத்த பப்பாளி நிறத்தில் வந்திருக்கிறது. டயர் எரிப்பவர்களால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை.

25 ஜனவரி 2025

வாயால் சொல்வதைவிட செய்து காட்டுவது மேல் என்று என் சாமான்களை ஓரங்கட்டிவிட்டு, மச்சானின் பழைய கேமராவையும் அதோடு வந்த 18-55ஐயும் வாங்கிவந்தேன். வாணியம்பாடி வீட்டு மொட்டைமாடி. நிலா பின்னிரவில்தான் எழும், ஆகவே எட்டு மணிக்கே இருட்டு. இருட்டு என்றா சொன்னேன்? எதிரில் தெருவிளக்கு. முன்பு மஞ்சள் சோடியம் விளக்காக இருந்தது. அந்த மஞ்சளில் பெரும்பகுதி சில அலைநீளங்களுக்குள் அடங்கும் என்பதால் அவற்றை வெட்டும் ஃபில்டர் போட்டு ஓரளவு தப்பிக்கலாம். இப்போது வெள்ளை எல்இடி. எல்லா நிறத்திலும் கொட்டுகிறது, ஃபில்டர் என்ன செய்யும்? துணிக்கொடியில் இரண்டு வேட்டியைக் காயப்போட்டு மறைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா மாடிக்கு வந்து, வேட்டிக்குப் பின்னால் ஒருவன் குந்தியிருப்பதைப் பார்த்துக் கத்திவிட்டார். ஓரியன் நெபுலாவைக் காட்டி சமாதானம் சொன்னேன். “இதுக்கா பனியில ஒக்காந்திருக்கே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

55 மி.மீ., எஃப் 5.6, ஆறு விநாடி. 60 படம். ஃபோகஸ் சுத்தம். நாளை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

26 ஜனவரி 2025

3ஆம் தேதி நான் சொன்ன 500 கணக்கை அழித்துவிடுங்கள்.

படத்தைப் பெரிதாக்கினால் நட்சத்திரம் எல்லாம் சீரகம். வானம் ஒரு விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600ல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) நகர்கிறது. அந்தக் கேமராவில் ஒரு பிக்சல் 3.9 மைக்ரான் (மி.மீ.இல் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 55 மி.மீ. லென்ஸில் அது வானத்தில் சுமார் 15 ஆர்க்செகண்டை மூடும். ஆக, விநாடிக்கு ஒரு பிக்சல். ஆறு விநாடிக்கு ஆறு பிக்சல் இழுப்பு. 500 கணக்கு ஃபிலிம் காலத்துச் சமாசாரம், சின்னப் பிரிண்ட் போட்டுப் பார்த்தவர்களுக்குப் போதும். 24 மெகாபிக்சலை நூறு சதவீதத்தில் உற்றுப் பார்க்கும் நம் கண்ணுக்குப் போதாது.

அதிலும் ஓரியனின் இடை நட்சத்திரங்கள் கிட்டத்தட்ட வான நடுக்கோட்டின் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) மேலேயே இருக்கின்றன. வேகமாக ஓடுவது அங்கேதான். துருவ நட்சத்திரத்தின் பக்கம் காமித்திருந்தால் ஒரு நிமிடம்கூட விட்டிருக்கலாம். நான் போய் எக்ஸ்பிரஸ் வண்டிக்கு நேரே நின்றிருக்கிறேன்.

55க்கு இரண்டு விநாடி. அவ்வளவுதான்.

26 ஜனவரி 2025, பிற்பகல்

“இரண்டு விநாடியில் என்ன வெளிச்சம் வரும்?” நல்ல கேள்வி. வராது. அதனால்தான் முந்நூறு தடவை எடுப்பது.

ஒவ்வொரு படத்திலும் நெபுலா அதே இடத்தில் இருக்கும், மணல் தூவியதுபோல வரும் இரைச்சல் புள்ளிகள் மட்டும் இடம் மாறி மாறி விழும். நட்சத்திரங்களைப் பொருத்தி அடுக்கி சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கும். எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு. நான்கு படத்துக்குப் பாதி, நூறு படத்துக்குப் பத்தில் ஒன்று. இதில் ஒரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. நூறு படத்தின் தெளிவை இன்னொரு மடங்கு கூட்ட நானூறு வேண்டும். அதனால்தான் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரே நெபுலாவை வாரக்கணக்கில் எடுக்கிறார்கள்.

அடுக்குவதற்கு சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். நான் சிரில் கட்சி.

30 ஜனவரி 2025

நேற்று தை அமாவாசை. காலையில் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும், ராத்திரி மொட்டைமாடி.

ஐஎஸ்ஓ 3200, இரண்டு விநாடி, 300 படம். மொத்தம் பத்தே நிமிட வெளிச்சம். நடுவில் மூன்று தடவை ட்ரைபாட் தலையைத் திருப்பி ஓரியனை நடுவுக்குக் கொண்டுவந்தேன், பத்து நிமிடத்தில் இரண்டரை டிகிரி ஓடிவிடுகிறது. முடித்ததும் லென்ஸை மூடி அதே விநாடி, அதே ஐஎஸ்ஓவில் இருபது படம். மூடியதைத் திறந்து எடுக்க மறந்த படம் இல்லை அது, டார்க் ஃப்ரேம். சென்சாரின் சொந்தக் கோளாறுகளைக் கழிப்பதற்கு. அதே குளிரில் எடுத்தால்தான் பயன், மறுநாள் மத்தியானம் எடுத்தால் கணக்கு உதைக்கும்.

அடுக்கி முடித்தபோது முதலில் திரை முழுக்கக் கறுப்பு. ஏமாந்துவிடாதீர்கள், விஷயமெல்லாம் அந்தக் கறுப்புக்குள்தான் இருக்கிறது. வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் நடுக்கோலை மெல்ல இடப்பக்கம் இழுத்தேன். முதலில் தெருவிளக்கின் சாம்பல் எழுந்தது. அதைக் கழித்துவிட்டு இன்னும் இழுத்தால், வாளின் நடுவில் ஒரு சின்ன இறக்கை. ஒரு பக்கம் நறுக்கென்று, மறுபக்கம் விரிந்து. நூறு பிக்சல் அகலம்கூட இல்லை. நிறம் வெளுத்த ரோஜா. ரத்தச் சிவப்பு வராது, ஏனென்றால் ஹைட்ரஜன் விடும் 656 நானோமீட்டர் சிவப்பில் பெரும்பகுதியை சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரே குடித்துவிடுகிறது. மனிதர் முகத்துக்குச் செய்த கேமரா இது.

மச்சானுக்கு அனுப்பினேன். “என் கேமராவா!” என்றான். நாளைக்கே வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.

3 பிப்ரவரி 2025

ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால் எதற்கு என்று கேட்டவருக்கு: 50 மி.மீ. எஃப் 1.8. செகண்ட் ஹேண்டில் சில ஆயிரங்களில் கிடைக்கும். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் 55ல் எஃப் 5.6 என்றால் அதன் வாய் பத்து மி.மீ.தான் திறக்கிறது. 50 எஃப் 1.8ன் வாய் கிட்டத்தட்ட 28 மி.மீ. எட்டு மடங்கு வெளிச்சம். முழுக்கத் திறந்தால் ஓர நட்சத்திரங்களுக்கு இறக்கை முளைக்கும், எஃப் 2.8க்கு அடக்கிக்கொள்ளுங்கள்.

வானத்தோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பும் ட்ராக்கர் வாங்கலாமா என்பவருக்கு: வாங்காதீர்கள், செய்யுங்கள். இரண்டு பலகை, ஒரு கதவுக்கீல், ஒரு போல்ட். ஜார்ஜ் ஹேக் என்பவர் 1975ல் எழுதிய யோசனை. மரையிடை (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) ஒரு மி.மீ. உள்ள எம்6 போல்ட்டைக் கீலிலிருந்து 229 மி.மீ. தள்ளிப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்று கையால் திருகினால் பலகை வானத்தோடு போகும். எங்கள் தெரு ஆசாரி அரைநாளில் செய்துகொடுத்தார். எதற்கு என்று இரண்டு தடவை கேட்டார், சொன்னேன், கூலியைக் கூட்டிவிட்டார்.

சிக்கல் ஒன்றுதான். கீலைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். அது எந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். லண்டன்காரருக்கு ஐம்பத்தொரு டிகிரி, ஜம்மென்று தெரியும். நமக்குப் பன்னிரண்டரை. கையை நீட்டி முஷ்டியை வைத்தால் அடிவானத்திலிருந்து ஒன்றேகால் முஷ்டி. எனக்கு அந்த இடத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

27 பிப்ரவரி 2025, மதியம்

இன்னும் தூங்கவில்லை, தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

நேற்று மகா சிவராத்திரி. அமாவாசைக்கு முந்தின ராத்திரி, நிலா விடியும் நேரம்தான் எழும், ஊரே கண்விழிக்கும். வானம் பார்ப்பவனுக்கென்றே வகுத்த பண்டிகை என்று நினைத்து ஜவ்வாது மலையில் மாமா வீட்டுக்குப் போனேன். காவலூர் பக்கம்தான். அங்கே வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986லிருந்து வேலை செய்கிறது. 1988ல் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயர் வைத்ததும் அங்கிருந்துதான். அவர்களே தேடிப்பிடித்த இருட்டு நமக்குப் போதாதா?

போதும். ஆனால் சிவராத்திரி என்றால் கோயில் உண்டு, கோயில் என்றால் ட்யூப்லைட் உண்டு. மாமா வீட்டு வாசலிலிருந்து ஆலமரம்வரை சீரியல் பல்பு. ஒன்பது மணிக்கு ஓரியன், பனிரெண்டு மணிக்கு ஒன்றுமில்லை, இரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. “மாப்ளே, விடியக்காலம் அணைச்சிடுவாங்க” என்றார் மாமா. எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்று மணி சுமாருக்குக் கரண்ட் போனது.

என் ஆயுளில் மின்வெட்டுக்குக் கைதட்டியது இதுதான் முதல் தடவை. பாட்டும் நின்றது. கண் பழக ஒரு இருபது நிமிடம். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி வைத்திருந்தேன், அதையும் அணைத்தேன். தென்கிழக்கில் கேட்டை சிவந்து நிற்க, அதற்குக் கீழே மூலத்தின் வால் வளைய, அந்த வளைவை ஒட்டி மேகம் மாதிரி ஒன்று. மேகம் என்றால் நட்சத்திரத்தை மறைக்கும், இது மறைக்கவில்லை. 18 மி.மீ., எஃப் 3.5, 15 விநாடி, ஐஎஸ்ஓ 3200. இழுபடும்தான், திரை அளவுக்குச் சுருக்கினால் தெரியாது. முதல் படத்திலேயே பால்வீதி, நடுவில் கறுப்புப் புழுதிப் பட்டை உட்பட.

எட்டாவது படத்தில் எல்லாம் மங்கல். ஃபோகஸ் போய்விட்டது என்று பதறித் தடவினால் லென்ஸ் மேல் பனி. துடைத்தால் மறுபடி பனி. அத்தை எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். கல்லுப்பை வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து, முட்டிவலிக்கு ஒத்தடம் கொடுப்பாரே அதே மூட்டையைக் கொண்டுவந்து லென்ஸுக்குக் கீழே கட்டிவிட்டார். அரைமணி நேரம் தாங்கியது, ஆறியதும் இன்னொரு மூட்டை. யுஎஸ்பி ஹீட்டர் பட்டை என்று ஒன்று விற்கிறார்கள், பவர்பேங்கில் ஓடும். அத்தை இல்லாதவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

27 பிப்ரவரி 2025, இரவு

தூங்கி எழுந்தேன். மேலே ‘பனிரெண்டு மணிக்கு ஒன்றுமில்லை’ என்று எழுதியது அநியாயம். சும்மா இருந்த நேரத்தில் தெற்கே சிலுவை நட்சத்திரக் கூட்டத்தை எடுத்திருக்கலாம். மூன்றரைக்கு மேல் ஒரு பத்து படம் எடுத்தேன், இன்னும் திறக்கவில்லை.

2 மார்ச் 2025

படத்தின் மூலைகள் கறுப்பாக இருக்கின்றன, அடுக்கிய பிறகு இன்னும் மோசமாகிறது என்று கேள்வி. லென்ஸ் மூலைக்குக் குறைவாகத்தான் வெளிச்சம் விடும். ஃப்ளாட் ஃப்ரேம் எடுக்க வேண்டும்: விடிந்ததும், ஃபோகஸை அசைக்காமல், லென்ஸ் வாயில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி வானத்தைப் பார்த்து இருபது படம். டீ ஷர்ட் என்று எல்லோரும் எழுதுவார்கள். நாலு முழ வேட்டியை நாலாக மடித்தால் இன்னும் சீராக வருகிறது. மொட்டைமாடியில் மறைப்புக்கும் அதே வேட்டி. இந்தத் துறையில் நான் வாங்கியதிலேயே உருப்படியான உபகரணம் அதுதான்.

கேள்வி கேட்டவர் கார்த்திகைக் கூட்டத்தை எடுத்து அனுப்பியிருக்கிறார். ஆடும் காலுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்தாராம். ஆறு நட்சத்திரம் அல்ல, நான் எண்ணியவரை நாற்பதுக்கு மேல். ஃபோகஸ் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இதை எழுத மனசு வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

6 மார்ச் 2025

சிவராத்திரிக் கடைசியில் எடுத்த தெற்குப் படங்களை அடுக்கிவிட்டேன். சிலுவை, அதைக் காட்டும் சென்டாரஸ் கூட்டத்தின் இரண்டு நட்சத்திரங்கள், கீழே மாமா வீட்டுக் கூரை. கூரை மட்டும் கலங்கியிருக்கும், ஏனென்றால் மென்பொருள் நட்சத்திரத்தைப் பொருத்தும்போது பூமி நகர்கிறது. கூரையைத் தனிப் படத்திலிருந்து வெட்டி ஒட்டினேன். சென்சாரில் தூசு வேறு, பனித்துளி வேறு. ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் உட்கார்ந்து கறை கறையாகத் துடைத்ததில் இரண்டு மணி நேரம் போனது. சுத்தமாக வந்திருக்கிறது, பாருங்கள்.

7 மார்ச் 2025

கேள்வி கேட்டவர் இன்று கேட்டிருப்பது: “ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் ஒப்பிட்டுப் பார்த்தேன். சிலுவைக்கு மேலே இடப்பக்கம் ஒமேகா சென்டாரி இருக்க வேண்டுமாமே, உங்கள் படத்தில் ஏன் இல்லை?”

என்ன பதில் சொல்வது. அசலைத் திறந்து பார்த்தேன். சரியாக அந்த இடத்தில், மற்ற புள்ளிகளைவிடக் கொஞ்சம் உப்பலாக, ஓரம் கலைந்து ஒரு பொட்டு. பனித்துளி என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரம் அடங்கிய கொத்து, ஒரே இழுப்பில்.

பழங்கால வானியலாளர் டாலமி இதை ஒற்றை நட்சத்திரம் என்றுதான் பட்டியலில் எழுதினார். ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1677ல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் மங்கல் திட்டு என்று குறித்தார். அவர்கள் இருவரும் துடைக்கவாவது இல்லை.

லண்டன்காரர் இதைப் பார்க்கவே முடியாது. நமக்கு நடு வானத்துக்கும் அடிவானத்துக்கும் இடையில், முப்பது டிகிரி உயரத்தில் ஏறுகிறது. சித்திரை, வைகாசியில் விடிகாலைவரை காத்திருக்கவும் வேண்டாம், முன்னிரவிலேயே தெற்கே நிற்கும். 50 மி.மீ., எஃப் 2.8, இரண்டு விநாடி, முந்நூறு படம். உங்கள் மாடியிலிருந்து தெற்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டி எதுவும் இல்லையே?

8 மார்ச் 2025

திருத்திய படத்தை மேலே மாற்றிவிட்டேன். பொட்டு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு தெரிகிறதே என்று யாரும் கேட்க வேண்டாம், அது நிஜமாகவே பனித்துளி. பயத்தில் அப்படியே விட்டுவிட்டேன்.